தோண்டி நட்டவர் கைகளில் ஒரு வெள்ளைப் பூ

கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் கிளாரா ரீஸ் என்ற பெண்மணி உருவாக்கி, 1939-ல் வெளியான ஒரு வெள்ளை ஐரிஸுக்கு ‘ஸ்நோ ஃப்ளரி’ என்று பெயர். இன்றைக்கு உலகத்தின் குளிர்நாட்டுத் தோட்டங்களில் நிற்கும் உயரமான தாடி ஐரிஸ் ரகங்களில், இதழோரம் அலையலையாக மடிந்து நெளியும் ஏதாவது ஒன்றை எடுத்து அதன் வம்சாவளியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால், பெரும்பாலும் இந்தச் செடியின் முன்னால்தான் போய் நிற்போம். அமெரிக்க ஐரிஸ் சங்கத்தின் மிக உயர்ந்த விருதான டைக்ஸ் பதக்கம் இதற்குக் கிடைக்கவில்லை. இதன் பிள்ளைகளுக்குக் கிடைத்தது: 1957-ல் ‘வயலட் ஹார்மனி’, 1958-ல் ‘ப்ளூ சஃபயர்’. பதக்கம் வாங்கிய பல ரகங்களின் பெயர்கூட இன்று பொதுவான தோட்டக்காரர்களுக்குத் தெரியாது. பதக்கம் வாங்காத இந்தத் தாய்ச்செடி இன்னும் விரும்பி வளர்க்கப்படுகிறது. ஒரு பூவை நினைவில் வைத்திருப்பது என்றால் என்ன என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ரகம்தான் முன்னால் வருகிறது. வெயில், வடிகால், பனிக்காலக் குளிர் என்று அதன் தேவைகளை எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. அந்தப் பட்டியலின் கடைசியில், போகிற போக்கில் சொல்லப்படும் ஒரு தேவை இருக்கிறது: சில ஆண்டுகளுக்கு ஒருமுறை யாராவது அதைத் தோண்டி எடுத்து, பிரித்து, மறுபடி நடவேண்டும். அதுதான் முதல் தேவை என்பது என் கருத்து. அது நின்றுபோனால் மற்ற எல்லாம் இருந்தும் அந்த ரகம் பிழைக்காது.

இதைப் புரிந்துகொள்ள, ரகம் என்று எதைச் சொல்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ஸ்நோ ஃப்ளரி என்பது ஒரு கூட்டமல்ல; ஒரே ஒரு நாற்று. ‘ப்யூரிசிமா’ என்ற வெள்ளை ஐரிஸையும் ‘தாயிஸ்’ என்ற பிரெஞ்சு ரகத்தையும் சேர்த்து, அதிலிருந்து வந்த விதையில் முளைத்த ஒற்றைச் செடி. அந்தச் செடியின் கிழங்கைத் துண்டு போட்டு, துண்டிலிருந்து துண்டாகப் பிரித்து, கைமாறிக் கைமாறிப் போனவைதான் இன்று உலகம் முழுக்க அந்தப் பெயரில் நிற்கும் அத்தனை செடிகளும். விதை போட்டு இதை மீண்டும் பெறமுடியாது. காரணம் அதன் வம்சத்தில் இருக்கிறது. பழைய ஐரோப்பிய ரகங்கள், பாலிடா, வேரிகேட்டா என்ற இரண்டு காட்டு இனங்களின் வழியில் வந்தவை. 24 குரோமோசோம்கள் உள்ளவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கேம்பிரிட்ஜில் உடலியல் பேராசிரியராக இருந்த சர் மைக்கேல் ஃபாஸ்டர், துருக்கியிலும் அதைச் சுற்றியுள்ள நாடுகளிலும் இருந்த மிஷனரிகளிடம் கேட்டுப் பெரிய பூவுள்ள காட்டு ஐரிஸ்களின் கிழங்குகளை வரவழைத்தார். அமாசியா நகரின் பக்கத்திலிருந்து வந்த ‘அமாஸ்’ அவற்றில் ஒன்று. அவற்றுக்கு 48 குரோமோசோம்கள் என்பது பின்னாளில்தான் எண்ணித் தெரிந்தது. அந்த இரத்தம் கலந்த பிறகுதான் பூ பெரிதானது, தண்டு பருத்தது, கிளை விரிந்தது. ஸ்நோ ஃப்ளரி அந்த வழியில் வந்தது. ஒவ்வொரு மரபணுவும் நான்கு பிரதிகளாக இருக்கும் ஒரு கலப்புச் செடியின் விதையில், தாயின் அதே சேர்க்கை இன்னொரு முறை அமையும் என்று எதிர்பார்ப்பது வீண். அதே பெற்றோரை அதே கையால் மறுபடி சேர்த்தாலும் வருவது வேறு பிள்ளைதான்.

பூவைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எழுபது சென்டிமீட்டருக்கு மேல் உயரும் தண்டுள்ளவற்றைத்தான் உயரமான தாடி ஐரிஸ் என்ற வகுப்பில் சேர்ப்பார்கள். மூன்று இதழ்கள் மேலே எழுந்து ஒன்றோடொன்று குவிந்து நிற்கும். மூன்று இதழ்கள் வெளிப்பக்கம் வளைந்து கீழே தொங்கும். தொங்கும் ஒவ்வோர் இதழின் நடுவிலும், தொண்டையிலிருந்து வெளியே வரும்வரை, மெல்லிய மயிர்களாலான ஒரு கோடு. அதுதான் தாடி. தேனீ இறங்கி உள்ளே நடந்துபோக வழிகாட்டுவது அதுதான். உள்ளே நுழையும் தேனீயின் முதுகு முதலில் சூல்முடியின் மெல்லிய உதட்டில் உரசி, பிறகுதான் அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மகரந்தப் பையைத் தொடும். வெளியே வரும்போது அந்த உதடு மடங்கி மூடிக்கொள்வதால் தன் மகரந்தம் தன் மேலேயே ஒட்டுவது பெரும்பாலும் தவிர்ந்துவிடும். ஸ்நோ ஃப்ளரியின் வெள்ளையில் லேசான நீலச் சாயல் உண்டு. மொட்டு அவிழும் நேரத்தில் அது கூடுதலாகத் தெரியும். ஆனால் 1939-ல் பார்த்தவர்களை நிறுத்தியது நிறமல்ல, இதழின் விளிம்புதான். அதற்கு முந்தைய ரகங்களின் தொங்கிதழ்கள் பெரும்பாலும் நீளமாகவும் தட்டையாகவும் துவண்டு தொங்குபவை. இதில் அவை அகன்று, தடித்து, ஓரம் முழுக்க நெளிந்து, தன் பலத்திலேயே விரிந்து நின்றன. நெளிவு என்பது வெறும் அலங்காரமல்ல. தட்டையான இதழைவிட மடிந்த இதழ் காற்றுக்கும் மழைக்கும் நன்றாகத் தாங்கும். பூ வளர்ப்பவர்கள் இதைத் தாயாக்கிக்கொள்ள முந்தியதில் ஆச்சரியம் இல்லை.

இனிக் கிழங்குக்கு வருவோம், ஏனென்றால் வழக்கு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. தாடி ஐரிஸின் கிழங்கு இஞ்சியைப் போலவே மண்ணை ஒட்டிப் படுத்துக் கிடைமட்டமாக ஊர்ந்து வளர்வது. அதன் நுனியில் விசிறி விரித்தாற்போல வாளிலைகள். ஒரு விசிறி முதிர்ந்து அதன் நடுவிலிருந்து பூத்தண்டு எழுந்துவிட்டால், அந்தக் கிழங்கின் வேலை முடிந்தது; அது இன்னொரு முறை பூக்காது. பூப்பதற்கு முன்பே அதன் விலாவில் பக்கக்கிழங்குகள் முளைத்திருக்கும். அடுத்தடுத்த ஆண்டுகளில் பூப்பவை அவைதான். வாழையடி வாழை என்று நாம் சொல்வது இந்தச் செடிக்கு அட்சரம் பிசகாமல் பொருந்தும். குலை தள்ளிய மரத்தை வெட்டிப் போட்டுக் கன்றை வளர்த்துக் கொண்டுபோவது நம் கொல்லைகளில் யாருக்கும் சொல்லித் தரவேண்டாத வேலை. கன்றுகளை எல்லாம் அப்படியே விட்டால் குத்து அடர்ந்து, ஒன்றும் தேறாமல் போகும் என்பதும் நமக்குத் தெரியும். ஐரிஸிலும் அதேதான். ஒரு துண்டு நட்ட மூன்று நான்கு ஆண்டுகளில் பக்கக்கிழங்குகள் எல்லாத் திசையிலும் நகர்ந்து ஒரு வட்டமாகிவிடும். நடுவில் பூத்து முடிந்த பழைய கிழங்குகள் இலையில்லாமல் நாராகிக் கிடக்கும். வெளிவட்டத்தில் இளசுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மண்ணைத் தொடாமல் அந்தரத்தில் வேர் விடப் பார்க்கும். முதலில் பூ குறையும். பிறகு இலை மட்டும் வரும். பிறகு அழுகல் நுழையும். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு அது செழித்த புதராகவே தெரியும். உள்ளே அது தன்னைத்தானே நெரித்துக்கொண்டிருக்கும்.

மற்ற தேவைகளைக் குறைத்துச் சொல்வதாக நினைக்கவேண்டாம். அவை ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது, காரணம் தெரிந்தால் பிரித்து நடுவது ஏன் தலையாயது என்பதும் தெரியும். இவற்றின் மூதாதைகள் தெற்கு ஐரோப்பாவிலும் துருக்கியிலும், கோடையில் மழையே பார்க்காத கல்லாங்குத்துச் சரிவுகளில் வளர்ந்தவை. கிழங்கு என்பது அந்த வறண்ட மாதங்களைக் கடக்கச் செடி சேர்த்துவைத்த சேமிப்பு. அதனால் அதற்குத் தண்ணீர் தேங்கும் மண் ஆகாது. களிமண்ணாக இருந்தால் மேட்டுப்பாத்தி போட்டாக வேண்டும். ஒரு நாளில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாத நேர்வெயில் வேண்டும். கிழங்கின் முதுகு மண்ணுக்கு மேலே தெரியும்படி நடவேண்டும்; கோடை மிகக் கடுமையான இடங்களில் மட்டும் விரற்கடை அளவு மண் மூடலாம். மண் அதிகப் புளிப்பும் அதிகக் காரமும் இல்லாமல் நடுநிலைக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். உரத்தில் தழைச்சத்து கூடினால் இலை மதமதவென்று வளரும், திசு நீர்கோத்து மெத்தென்று ஆகும், பாக்டீரியா அழுகல் நுழைய அதைவிட நல்ல வாசல் கிடையாது. அழுகிய கிழங்கின் நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். அழுத்தினால் தோலுக்குள் வெறும் கூழ். கிழக்கு அமெரிக்காவில் துளைப்பான் புழு என்ற தொல்லை வேறு: அந்துப்பூச்சி இலையுதிர் காலத்தில் காய்ந்த இலைகளில் முட்டையிட, வசந்தத்தில் பொரிக்கும் புழு இலைக்குள் இறங்கிக் கிழங்கைக் குடைகிறது, குடைந்த வழியே அழுகல் போகிறது. இத்தனைக்கும் மருந்து என்ன என்று பார்த்தால், காற்றும் வெயிலும் கிழங்கைத் தொடவேண்டும், பழைய சருகு அகலவேண்டும், நோய்ப்பட்ட துண்டு வெட்டி எறியப்படவேண்டும். மூன்றும் ஒரே வேலையில் நடக்கின்றன. குத்தைத் தோண்டிப் பிரிக்கும் நாளில்.

அந்த வேலைக்குக் காலம் உண்டு. வட அரைக்கோளத்தில் மே, ஜூனில் பூத்து முடிந்த பிறகு செடி கோடையில் சற்று ஓய்கிறது. ஜூலையிலிருந்து செப்டம்பர்வரை தோண்டலாம். உறைபனி வருவதற்கு ஆறு வாரமாவது முன்னால் நட்டு முடித்திருக்கவேண்டும், அப்போதுதான் புது வேர் பிடிக்கும். மண்வாரியைக் குத்துக்குச் சற்றுத் தள்ளி இறக்கி, முழுவதையும் நெம்பி வெளியே எடுப்பார்கள். மண்ணை உதறிக் கழுவினால் குடும்பம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும்: நடுவில் பழுப்பேறிய கிழங்கு, அதில் பூத்தண்டு முறிந்த தழும்பு, இருபுறமும் பிரிந்த பக்கக்கிழங்குகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு விசிறி. கூரான கத்தியால் இளங்கிழங்கைத் தாயிலிருந்து அறுத்தெடுக்கவேண்டும். அறுத்த முகம் வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் நல்லது. மஞ்சளாகவோ பழுப்பாகவோ நீர்க்கோடு ஓடினால் நல்ல சதை வரும்வரை சீவவேண்டும். இலைகளைப் பதினைந்து சென்டிமீட்டர் விட்டு விசிறி வடிவிலேயே கத்தரிப்பது, வேர் பிடிக்காத செடி தண்ணீரை இழக்காமல் இருக்கத்தான். ஒரு நாள் நிழலில் உலரவிட்டால் அறுத்த வாய் காய்ந்து மூடும். பிறகு குழி தோண்டி, குழியின் நடுவில் மண்ணைக் கூம்பாகக் குவித்து, அதன் மேல் கிழங்கை உட்காரவைத்து, வேர்களை இரண்டு பக்கமும் சரித்துப் பரப்பி, மண் தள்ளி அழுத்தினால் முடிந்தது. முப்பதிலிருந்து நாற்பத்தைந்து சென்டிமீட்டர் இடைவெளி. ஒரு தடவை நிறைய நீர், அதற்குப் பிறகு கை அடக்கம். ஒரு குத்திலிருந்து ஏழெட்டுத் துண்டுகள் கிடைக்கும். தோட்டத்துக்கு வேண்டியது இரண்டு மூன்று. மீதி யாருக்கோ போகிறது. ஸ்நோ ஃப்ளரி சான் ஹோசேயைத் தாண்டியது இப்படித்தான், வேறெந்த வழியிலும் அல்ல.

இதற்கு ஓர் எதிர்ப்பு உடனே வரும், நியாயமான எதிர்ப்புதான். தாடி ஐரிஸ் கவனிப்பாரற்றும் வாழ்கிற செடி என்பது ஊரறிந்தது. அமெரிக்கக் கிராமப்புறங்களில் வீடு இடிந்து போன மனைகளில், வாசல் எங்கே இருந்தது என்று காட்டுவதுபோல ஐரிஸ் வரிசை மட்டும் நிற்பதைக் காணலாம். காஷ்மீரில் முஸ்லிம் கல்லறைகளின் மேல் வெள்ளையும் ஊதாவுமாக ஐரிஸ் படர்ந்திருக்கிறது. அங்கே யார் மூன்றாண்டுக்கு ஒருமுறை மண்வாரியோடு வருகிறார்கள்? உண்மைதான். ஆனால் அந்தச் சாட்சியைக் கொஞ்சம் கூர்ந்து விசாரித்தால் அது என் பக்கம் பேசுகிறது. கல்லறை ஐரிஸ்களில் மிகவும் பரவியது அல்பிகன்ஸ் என்ற வெள்ளை ஐரிஸ். அதன் தாயகம் ஏமன் பகுதி. அது விதை பிடிக்காத மலட்டுச் செடி. காற்றோ பறவையோ அதைக் கொண்டுபோக முடியாது. அப்படியிருக்க அரேபியாவிலிருந்து ஸ்பெயின்வரை அது பரவியிருக்கிறது என்றால், ஒவ்வொரு கல்லறைக்கும் ஒரு மனிதர் கிழங்கைக் கையில் கொண்டுபோய் நட்டிருக்கிறார் என்று அர்த்தம். இறந்தவரை மறக்கக்கூடாது என்று நட்டார்கள், பூ பிழைத்தது. இரண்டாவதாக, கைவிடப்பட்டும் நிற்பவை பெரும்பாலும் காட்டு இனங்களுக்குப் பக்கத்தில் உள்ள பழைய ஐரிஸ்கள். அவை சிறு பூவும் மெல்லிய தண்டும் கொண்டவை, கிழங்குகள் தாராளமாக விலகிப் படர்பவை. ஸ்நோ ஃப்ளரிக்குப் பின் வந்த கனத்த பூக்களுக்கு அந்தத் தாக்குப்பிடிப்பு எல்லாவற்றிலும் இல்லை. மனிதன் பூவைப் பெரிதாக்கியபோது, அதைத் தாங்கும் பொறுப்பில் ஒரு பகுதியைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டான் என்றே நான் பார்க்கிறேன்.

இடிந்த மனையில் நிற்கும் செடியிடம் இன்னொன்று இருக்காது: பெயர். செடி பிழைத்தால் போதாதா, பெயர் எதற்கு என்று கேட்கலாம். பூவின் அழகு பெயரால் கூடுவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெயர் போனால் அந்தச் செடி எங்கிருந்து வந்தது, யார் எதை எதோடு சேர்த்தார், எந்தப் பிள்ளைகள் அதிலிருந்து வந்தன என்ற தொடர்பு முழுவதும் அறுந்துபோகிறது. இங்கிலாந்தின் சஃபோக்கில் பென்டன் எண்ட் என்ற வீட்டில் ஓவியப் பள்ளி நடத்திய செட்ரிக் மோரிஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. லூசியன் ஃப்ராய்டுக்கு ஆசிரியராக இருந்தவர் அவர். ஓவியத்துக்கு நிகராக ஐரிஸ் கலப்பிலும் மூழ்கியிருந்தார். நூற்றுக்கணக்கான நாற்றுகளை வளர்த்துப் பார்த்து, தேறியவற்றுக்கு வீட்டின் பெயரை முன்னால் வைத்து ‘பென்டன்’ ரகங்களாக்கினார். 1943-ல் அவர் வரைந்த ஐரிஸ் நாற்றுகளின் ஓவியம் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1982-ல் அவர் காலமானபோது தோட்டமும் கலைந்தது. ரகங்கள் திசைக்கொன்றாகப் போயின, பல காணாமலே போயின. சிஸிங்ஹர்ஸ்ட் தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரராக இருந்த சாரா குக் பின்னாளில் அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி, பழைய விவரக்குறிப்புகளோடு ஒப்பிட்டு, இருபதுக்கும் மேற்பட்டவற்றைச் சேர்த்தார். 2015-ல் செல்சி மலர்க் கண்காட்சியில் அவை ஒன்றாக நின்றன. ஓவியம் அருங்காட்சியகச் சுவரில் பத்திரமாக இருந்தது, அதை யாரும் நீர் ஊற்றி வளர்க்கவேண்டியிருக்கவில்லை. பூ மட்டும், யாரோ ஒருவர் கொல்லையில் யாரோ ஒருவர் பிரித்து நட்டுக்கொண்டே இருந்ததால்தான் கிடைத்தது. பிரித்து நடாத கொல்லைகளில் இருந்தவை கிடைக்கவே இல்லை.

பேத்திகள் அழகாக இருக்கும்போது பாட்டியை ஏன் வைத்திருக்கவேண்டும் என்பது அடுத்த கேள்வி. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் புது ரகங்கள் வெளியாகின்றன. நிறத்திலும் அளவிலும் நெளிவிலும் அவை ஸ்நோ ஃப்ளரியைத் தாண்டிப் போய்விட்டன. ஒரு சராசரி வாடிக்கையாளர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புதியதைத்தான் எடுப்பார். நான் அதில் தவறு சொல்லமாட்டேன். ஆனால் வளர்ப்பு என்பது ஒரு பக்கம் சேர்த்துக்கொண்டே இன்னொரு பக்கம் விட்டுக்கொண்டே போகிற வேலை. இதழை அகலமாக்கும்போது தண்டின் உறுதி குறையலாம், நெளிவைக் கூட்டும்போது குளிரான காலையில் பூ முழுதாக அவிழாமல் போகலாம், நிறத்தைத் தேடும்போது மணம் போகலாம். போனதைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமென்றால், அது போவதற்கு முன்பு இருந்த செடி உயிரோடு எங்காவது நிற்கவேண்டும். காகிதத்தில் எழுதிவைத்த வம்சாவளியிலிருந்து மகரந்தம் எடுக்கமுடியாது. இதைத் தவிர வேறொரு காரணமும் உண்டு, அது எனக்கு இதைவிட முக்கியம். வில்லியம் மோர் என்ற கலிபோர்னியாக்காரர் உருவாக்கிய நாற்றுதான் ஸ்நோ ஃப்ளரியின் தாயான ப்யூரிசிமா. மோர் 1923-ல் விபத்தில் இறந்துபோனார். அவருடைய நாற்றுகளை எடுத்து வளர்த்து, 1927-ல் ப்யூரிசிமாவை வெளியிட்டவர் அவருடைய நண்பரும் பெர்க்லியில் நூலகவியல் பேராசிரியருமான சிட்னி மிட்செல். மோருடைய இன்னொரு நாற்றான ‘சான் ஃப்ரான்சிஸ்கோ’தான் அதே 1927-ல் அமெரிக்காவின் முதல் டைக்ஸ் பதக்கத்தைப் பெற்றது. அந்தப் பதக்கத்துக்குப் பெயர் கொடுத்த வில்லியம் டைக்ஸ், ஐரிஸ் பேரினத்தைப் பற்றி 1913-ல் பெருநூல் எழுதியவர். அவரும் 1925-ல் சாலை விபத்தில் போய்விட்டார். அவர் வளர்த்த மஞ்சள் நாற்று ஒன்று அவர் பெயரைத் தாங்கி மறு ஆண்டு வெளிவந்தது. இறந்தவர் பாத்தியில் இருந்ததை இருப்பவர் பெயர்த்து நட்டிருக்காவிட்டால் ஸ்நோ ஃப்ளரியின் தாயே இருந்திருக்காது, அதற்குப் பின் வந்த மடிப்பிதழ்களின் கதையும் வேறாகியிருக்கும்.

செடிக்கும் வயதாகும், ஒரே கிழங்கை நூறாண்டு துண்டுபோட்டுக்கொண்டே போனால் வீரியம் குறையாதா என்ற ஐயமும் உண்டு. வைரஸ் விஷயத்தில் இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அசுவினி மூலம் பரவும் மொசைக் வைரஸ்கள் ஐரிஸில் சகஜம். கிழங்கோடு கிழங்காக அவையும் கைமாறும். ஆனால் தாடி ஐரிஸில் பெரும்பாலான ரகங்கள் அவற்றைப் பெரிய சேதமில்லாமல் தாங்கிக்கொள்கின்றன. பாரிஸில் லெமோன் என்பவர் 1844-ல் வெளியிட்ட ‘மதாம் ஷெரோ’, வெள்ளை இதழில் நீலக்கரை போட்ட ரகம், இன்றைக்கும் பூக்கிறது. அதில் ஒரு துண்டு வாங்கி நட்டால் 1844-ல் பூத்த அதே உயிர்தான் பூக்கிறது, அதன் பிள்ளையோ பேரனோ அல்ல. வயதானது பழைய கிழங்குக்குத்தான். அதன் நுனியில் ஒவ்வோராண்டும் பிறப்பது இளந்திசு. ரகம் அழிந்ததற்கு முதுமை காரணம் என்று சொல்லப்படும் பல இடங்களில், யாரும் பிரிக்காமல் விட்டதே காரணமாக இருக்கும் என்று நம்ப எனக்கு இடமிருக்கிறது.

இதை உணர்ந்தவர்கள் அமைப்பாகவும் செயல்பட்டிருக்கிறார்கள். அமெரிக்க ஐரிஸ் சங்கம் 1920-ல் தொடங்கியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஃப்ராங்க் பிரெஸ்பி இறந்தபின், நியூஜெர்சியின் மான்ட்க்ளேரில் 1927-ல் அவர் நினைவாக ஒரு ஐரிஸ் தோட்டம் எழுந்தது. சிலையோ மண்டபமோ வைக்காமல் கிழங்குகளை நட்டார்கள். சுமார் 1,500 ரகங்கள், பெயரும் ஆண்டும் எழுதிய அடையாளத்தோடு அங்கே இருக்கின்றன. கல் வைத்திருந்தால் ஒருமுறை வைத்ததோடு வேலை முடிந்திருக்கும். இங்கே ஒவ்வொரு தலைமுறையும் குனிந்து தோண்டியாக வேண்டும், அதனால் பிரெஸ்பியின் பெயரை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கேட்கிறது. 1988-ல் வரலாற்று ஐரிஸ் பாதுகாப்புச் சங்கம் உருவானது. வெளியாகி முப்பது ஆண்டு கடந்த ரகங்கள் அதன் பொறுப்பு. ஓர் அரிய ரகம் ஒரே தோட்டத்தில் மட்டும் இருந்தால் ஒரு பனிக்காலத்தில் போய்விடும் என்பதால், அதன் உறுப்பினர்கள் பல ஊர்களில் அவற்றைப் பகிர்ந்து வளர்க்கிறார்கள். அமெரிக்க ஐரிஸ் சங்கம் பத்தாண்டுக்கு ஒருமுறை பெயர்ப் பட்டியல் தொகுத்து வெளியிட்டு வந்திருக்கிறது. பட்டியல் அரிய உழைப்பு, அது இல்லாமல் எதையும் சரிபார்க்க முடியாது. என்றாலும் அதில் அச்சேறிய எத்தனையோ பெயர்களுக்கு உரிய செடி இன்று எங்கும் இல்லை. பதிவேடு ஒருபோதும் கிழங்கின் இடத்தை நிரப்பாது.

தமிழ்நாட்டுச் சமவெளியில் இந்த ரகத்தை வளர்க்க நினைக்கவேண்டாம் என்றுதான் சொல்வேன். பூப்பதற்கு அதற்குத் தொடர்ந்த பனிக்காலக் குளிர் வேண்டும். நம் வடகிழக்குப் பருவமழையில் திறந்த கிழங்கு அழுகித்தான் போகும். ஆனால் டொரன்டோவிலும் லண்டனிலும் ஆஸ்லோவிலும் வீட்டுக்குப் பின்னால் கைப்பிடி நிலம் வைத்திருக்கும் தமிழர்கள் ஏராளம். கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்துக் குளிருக்கு வீட்டுக்குள் தூக்கிப் போகிறவர்களுக்கு, அந்தக் குளிரையே விரும்பும் ஒரு செடியை வெளியே நடுவது சிரமமே இல்லை. வாங்கிய வீட்டின் வேலியோரத்தில் முந்தைய குடும்பம் நட்ட ஐரிஸ் குத்து ஒன்று பூக்காமல் அடைந்து கிடக்கலாம். தயவுசெய்து அதைக் களை என்று பிடுங்கிப் போடாதீர்கள். பக்கத்து வீட்டு முதியவரிடம் அதன் பெயர் தெரியுமா என்று கேளுங்கள். தெரிந்தால் மரச்சில்லில் பென்சிலால் எழுதிச் செருகுங்கள்; பென்சில் எழுத்து மழைக்கு அழியாது. ஆகஸ்டில் தோண்டிப் பிரியுங்கள், நல்ல துண்டுகளில் மூன்றை நீங்கள் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பெயரோடு சேர்த்து இரண்டு வீடுகளுக்குக் கொடுங்கள்.